யார் வீட்டுக்கும் போக வேண்டாத மூன்று நாட்கள்

தீபாவளி என்றால் மாமியார் வீடு. பொங்கலுக்கு நம் வீட்டில் பானை வைக்கலாம், ஆனால் மறுநாள் மாட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போயாக வேண்டும். ஆடிப்பெருக்கு, ஆயுத பூஜை, கார்த்திகை தீபம் என்று எதை எடுத்தாலும் அதில் நமக்கென்று ஒரு வேலை இருக்கும். வடைக்கு ஊறப்போட வேண்டும், பூஜைப் பாத்திரம் தேய்க்க வேண்டும், யாராவது வருவார்கள், இல்லாவிட்டால் நாம் போக வேண்டும். போகவில்லை என்றால் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை அடுத்த தீபாவளி வரைக்கும் வைத்துப் பேசுவார்கள்.

ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இந்த மூன்று நாட்களுக்கும் அப்படி எதுவும் கிடையாது. குடியரசு தினத்துக்குச் சீர்வரிசை இல்லை. சுதந்திர தினத்துக்கு நாத்தனாரை அழைக்கவில்லை என்று யாருக்கும் மனத்தாங்கல் வராது. காந்தி ஜெயந்திக்கு என்ன பலகாரம் செய்தாய் என்று எந்தச் சித்தியும் போன் செய்து கேட்பதில்லை. நாட்டுக்கு உரிய நாட்கள் இவை. உறவுக்காரர்கள் யாரும் இவற்றின் மேல் உரிமை கொண்டாடுவதில்லை. கடலூர் மாதிரி ஊரில், கூட்டமான குடும்பத்தில் வாழ்கிற ஒரு பெண்ணுக்கு, யாரையும் நோகடிக்காமல் தனியாக இருக்கக் கிடைக்கிற நாட்கள் வருடத்தில் இவைதான். அதனால்தான் இந்த மூன்றின் மீதும் எனக்கு இவ்வளவு பிரியம்.

ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே என்று கேட்கலாம். நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிறு எனக்கு விடுமுறைதான், ஆனால் அது வாரத்தின் பாக்கி வேலையை முடிக்கிற நாள். துணி துவைப்பது, மாவு ஆட்டுவது, கறி எடுத்து வந்து சமைப்பது, மாலையில் யார் வீட்டுக் குழந்தைக்காவது பிறந்தநாள். தேசிய விடுமுறை வேறு மாதிரி. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டிலேயே இதற்கென்று சட்டம் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் தனியார் நிறுவனமும் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும். வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு வேறொரு நாள் விடுப்பு. வாரம் ஆறு நாள் உழைக்கிறவர்களுக்கு இந்தச் சட்டம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது, மாதச் சம்பளத்தோடு சனி, ஞாயிறு இரண்டும் கிடைக்கிறவர்களுக்குச் சட்டென்று புரியாது.

அன்று காலையில் வீட்டிலும் என் தேவை குறைவு. மகள் பள்ளிக்கூடக் கொடியேற்றத்துக்குப் போய்விடுவாள். வீட்டுக்காரர் ஒன்பது மணி வரை தூங்குவார். மாவு இருக்கும், சட்னி அரைத்து வைத்துவிடுவேன். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு நான் வந்துவிட வேண்டும் என்பது எங்களுக்குள் பேசாமலே ஏற்பட்டுவிட்ட ஒப்பந்தம். விடிகிற நேரத்தில் ஸ்கூட்டியை எடுத்தால் அதுவரைக்கும் என் நேரம்.

நான் போகிற இடம் பாகூர் ஏரி.

மஞ்சக்குப்பத்திலிருந்து ஆல்பேட்டை சோதனைச் சாவடி, தென்பெண்ணைப் பாலம், பெரியகங்கணாங்குப்பம், அப்புறம் முள்ளோடை. அங்கே புதுச்சேரி எல்லை ஆரம்பம். கன்னியக்கோயிலில் இடது பக்கம் திரும்பினால் பாகூர் சாலை. இந்த வழியைப் பற்றிக் கடலூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எல்லையைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் மதுக்கடைதான். மற்ற நாட்களில் அந்தச் சாலையில் ஒரு பெண் தனியாக வண்டி ஓட்டுவது, அதுவும் பத்து மணிக்கு மேல் திரும்பி வருவது, உடம்பெல்லாம் கண்ணாக இருக்க வேண்டிய வேலை. எதிரே வருகிற பைக் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. தேசிய விடுமுறை நாட்களில் ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடைகளை மூடிவிடுகிறார்கள். அதே சாலை அன்றைக்கு வேறு சாலையாக இருக்கும். பால்காரர், பேப்பர்காரர், சட்டையில் கொடி குத்திக்கொண்டு சைக்கிளில் போகிற பள்ளிப் பிள்ளைகள், அவ்வளவுதான். பெண்கள் தனியாகப் போவதைப் பற்றிப் பேசும்போது தைரியம் வேண்டும், தன்னம்பிக்கை வேண்டும் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். எனக்குத் தைரியம் கொடுத்தது மூடியிருந்த அந்தக் கடைகள்தான். சாலை பத்திரமாக இருந்தால் தைரியத்துக்கு அவ்வளவு தேவை இருக்காது.

பாகூர் ஏரி, புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்தபடி பெரிய ஏரி. இதற்குத் தண்ணீர் வருவது தென்பெண்ணையிலிருந்து. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் எல்லாம் கடந்து, கடலூரில் கடலில் கலக்கப்போகிற ஆற்றை, அதற்கு முன்பே சொர்ணாவூர் அணைக்கட்டில் மறித்து, பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூருக்குக் கொண்டுவருகிறார்கள். பங்காரி, சிங்காரி என்று இரண்டு தாசிகள் தங்கள் சொந்தச் செல்வத்தைக் கொட்டி இந்த வாய்க்காலை வெட்டினார்கள் என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் சொல்வார்கள். கதையோ நிஜமோ, ஊருக்கே சோறு போடுகிற ஒரு வாய்க்காலுக்கு இரண்டு பெண்களின் பெயரைச் சொல்கிற ஊர் எனக்குப் பிடித்திருக்கிறது. பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று சொல்வது இந்தத் தண்ணீரால்தான். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு ஒன்று இந்த ஊரில்தான் கிடைத்தது. இங்கே இருந்த ஒரு கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களின் வருமானத்தை எழுதிவைத்த செய்தி அதில் இருக்கிறது. ஒரு கல்விச்சாலையையே நடத்துகிற அளவுக்கு ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்பே விளைந்திருக்கிறது இந்த மண்.

ஒரே ஏரிக்கு இந்த மூன்று நாட்களிலும் போய் வந்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. நம் ஊர்ப்பக்கம் வருடத்தின் பெரும்பாலான மழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஜனவரி 26 வருவது தை பன்னிரண்டு, பதின்மூன்றில். ஏரி நிரம்பி, மழை நின்று, வானம் தெளிந்திருக்கும் நேரம். ஆகஸ்ட் 15 ஆடி முடிகிற சமயம். தண்ணீர் வற்றி நடுவில் ஒடுங்கியிருக்கும். அக்டோபர் 2 புரட்டாசி நடுவில். அடுத்த மழைக்கு முந்தைய காத்திருப்பு. ஏரியின் ஒரு வருடக் கதையை இந்த மூன்று நாட்களில் பார்த்துவிடலாம். நாட்டின் வரலாறு குறித்துக் கொடுத்த தேதிகள், நம் ஊர் ஏரிக்கும் இவ்வளவு சரியாகப் பொருந்தியதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான்.

மூன்றில் ஜனவரிதான் எனக்கு உயிர்.

விடியற்காலையில் பனி இருக்கும். ஸ்கூட்டியில் போகும்போது முகத்தில் ஈரம் படியும், துப்பட்டாவைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். கரையில் ஏறி நின்றால் முதலில் ஏரி தெரியாது, சத்தம்தான் கேட்கும். தண்ணீருக்குள் பேச்சுக் குரல் மாதிரி ஒரு கசமுசா. வெளிச்சம் வர வர அது வாத்துக்கூட்டம் என்று தெரியும். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன். இமயத்துக்கு அப்பாலிருந்து மத்திய ஆசியப் பாதையில் வலசை வருகிறவை. கோடையில் சைபீரியா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே எல்லாம் உறைந்து போகிற காலத்தைப் பாகூரிலும் ஊசுட்டேரியிலும் கழிக்கின்றன. சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழ்வாகக் கோரைப்புல் மேல் சுற்றிவரும். அதன் நிழல் விழுந்ததும் ஏரியின் ஒரு பக்கம் மொத்தமும் எழும்பும். இறக்கைகளின் இரைச்சல் கரை வரை வந்து அடங்கும். பருந்துக்குப் பெரும்பாலும் ஒன்றும் சிக்காது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் திரும்ப இறங்கிவிடும்.

வாத்துகளை விட நான் அதிக நேரம் பார்ப்பது நத்தைகுத்தி நாரையை. இது வெளிநாட்டிலிருந்து வருவதில்லை, நம் வயலில் நிற்கிற பறவைதான். அழுக்கு வெள்ளை உடம்பு, கருப்புச் சிறகு, பேருந்தில் போகிறவர்கள் கொக்கு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கிட்டே பார்த்தால்தான் அலகு தெரியும். மேல் அலகும் கீழ் அலகும் நுனியில் சேரும், நடுவில் சேராது. அந்த இடைவெளி வழியாக அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும். குஞ்சாக இருக்கும்போது அலகு சாதாரணமாகத்தான் இருக்குமாம், வளர வளரத்தான் இந்த இடைவெளி விழுகிறது.

ஒருமுறை மதகுக்குப் பக்கத்தில், பத்தடி தூரத்தில், ஒன்று நத்தை தின்பதை முழுக்கப் பார்த்தேன். முட்டளவு தண்ணீரில் மெதுவாக நடக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் அலகைச் சேற்றில் விட்டுத் துழாவுகிறது. கிடைத்துவிட்டது என்பது கழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது, சட்டென்று விறைத்துக்கொள்கிறது. நத்தையைத் தரையில் வைத்து மேல் அலகால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கீழ் அலகின் நுனியை நத்தை தன் வாசலை மூடியிருக்கும் மூடிக்குக் கீழே நுழைக்கிறது. தலை பாதி தண்ணீருக்குள் இருப்பதால் அந்த வேலை கண்ணுக்குத் தெரியாது. கழுத்து மட்டும் சின்னச் சின்னதாக அசைகிறது, பூட்டுக்குள் சாவியைத் தேடுகிற கை மாதிரி. உள்ளே சதையை ஓட்டோடு பிடித்திருக்கும் தசையை அறுத்துவிட்டால் போதும், முழுச் சதையும் வந்துவிடும். தலையைத் தூக்கி ஒரு உதறு, அப்புறம் விழுங்கல். ஓட்டை உடைப்பதே இல்லை. கரையோரம் கிடக்கிற நத்தை ஓடுகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே ஈரம் காயாமல் இருந்த ஒன்றை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் சேற்று வாசனை.

இதைப் பக்கத்தில் யாராவது இருக்கும்போது என்னால் பார்த்திருக்க முடியாது. மகளோடு போயிருந்தால் பார் பார் என்று காட்டியிருப்பேன், நாரை பறந்திருக்கும். வீட்டுக்காரரோடு போயிருந்தால் போகலாமா என்று ஒரு தடவை கேட்டிருப்பார். அவர் மேல் தப்பில்லை. நாற்பது நிமிடம் ஒரே நாரையைப் பார்க்கலாம் என்று இன்னொருவரைக் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை.

ஒன்பது மணி வாக்கில் பாகூர்ப் பக்கமிருந்து மைக் சத்தம் வரும். காற்று இந்தப் பக்கம் அடித்தால் பேச்சுகூடக் கேட்கும். கொடியேற்றம் முடிந்து பிள்ளைகள் நாட்டுப்பண் பாட ஆரம்பித்ததும் நான் எழுந்து நின்றுவிடுவேன். ஏரிக்கரையில் என்னைப் பார்க்க யாரும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் குரல் தண்ணீர் மேல் கொஞ்சம் தாமதித்து வரும்போது உட்கார்ந்திருக்க மனசு வருவதில்லை. நாட்டு விடுமுறையை இப்படித் தனியாகக் கழிக்கிறாயே, கொடியேற்றத்துக்குப் போகக் கூடாதா என்று ஒரு தோழி கேட்டாள். பல வருடம் பள்ளி மைதானத்தில் வெயிலில் வரிசையாக நின்றிருக்கிறேன். அங்கே நின்றபோது தோன்றாத ஒரு நெருக்கம் இந்தக் கரையில் எனக்குத் தோன்றுகிறது. இந்த நிலம், இந்தத் தண்ணீர், இதை வெட்டியவர்கள், இப்போது அறுவடை நடக்கிற அந்தச் சம்பா வயல் என்று நாடு என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

2024இல் நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் கொட்டிய மழை ஒரு பக்கம், அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட வெள்ளம் இன்னொரு பக்கம். தென்பெண்ணை கரையை மீறி, கடலூர்ப் பக்கமும் பாகூர்ப் பக்கமும் ஊர்களுக்குள் புகுந்தது. வெள்ளத்தில் நெல் போன வயல்களைப் பார்த்துவிட்டு ஏரியின் அழகைப் பேச எனக்கு வாய் வரவில்லை. அதற்கு அடுத்து வந்த குடியரசு தினம் ஞாயிற்றுக்கிழமை. அப்படியும் போனேன். ஏரி கரை ததும்ப நின்றது. கரையோரத்து மரங்களில் மனிதர் உயரத்துக்கு மேலே வைக்கோலும் பிளாஸ்டிக் பையும் சிக்கியிருந்தன. தண்ணீர் அதுவரை ஏறிப் போயிருந்தது. நீலச்சிறகிகள் வழக்கம்போல வந்திருந்தன. அவை வந்திருந்தது ஆறுதலாக இருந்தது என்று சொன்னால், நெல் இழந்தவருக்கு அது ஆறுதல் ஆகாது என்பதும் தெரியும். இரண்டும் உண்மைதான்.

ஆகஸ்ட் 15 வேறு மாதிரி நாள். ஆடி கடைசி என்பதால் எந்தத் திசையிலாவது ஒரு அம்மன் கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டே இருக்கும். கரையில் பனம்பழம் விழுந்து கிடக்கும், அந்த இனிப்பு வாசனை காற்றில் கனமாக நிற்கும். தண்ணீர் விலகிய இடமெல்லாம் நெய்வேலிக் காட்டாமணக்கு ஊதாப் பூவோடு மண்டியிருக்கும். பார்க்க அழகு, ஏரிக்குக் கேடு. ஏரியின் இடத்தையும் தண்ணீரையும் அது விழுங்கிக்கொண்டே போகிறது, அதை வேரோடு எடுக்காமல் தூர்வாரியதாகக் கணக்கு எழுதுவதில் பயனில்லை.

முதல் அரை மணி நேரம் என் மனசு வீட்டிலும் கடையிலும்தான் இருக்கும். 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கணக்கு போக வேண்டும், எந்தப் பில் வரவில்லை, மகளுக்கு டியூஷன் பணம், கேஸ் பதிந்தோமா இல்லையா. இதையெல்லாம் விரட்டி அடிக்க முடியாது, நானும் முயற்சி செய்வதில்லை. அது பாட்டுக்கு ஓடட்டும் என்று பனை மரத்தடியில் உட்கார்ந்துகொள்வேன். எப்போது நின்றது என்று தெரியாமல் நின்றுவிடும். மறுபடி யோசிக்க ஆரம்பிக்கும்போதுதான் இவ்வளவு நேரம் எதுவும் யோசிக்கவில்லை என்பதே தெரியும். வீட்டில் எனக்கு இந்த மாதிரி ஒரு ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை. கோயிலில்கூட இல்லை, அங்கே வேண்டுதல் பட்டியல் இருக்கும்.

ஒரு ஆகஸ்ட் 15 அன்று அப்படி உட்கார்ந்திருந்தபோது ஆடு மேய்க்கிற ஒரு ஆயா என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

"யாரும்மா? எந்த ஊரு?"

"கடலூரு ஆயா. மஞ்சக்குப்பம்."

"இங்க யாரு ஊட்டுக்கு வந்த?"

"யாரு வீட்டுக்கும் இல்ல ஆயா. சும்மா ஏரியப் பாக்க வந்தேன்."

அவர் நகரவில்லை. கையில் இருந்த கோலை ஊன்றிக்கொண்டு என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "ஊட்டுல எதுனா சண்டையா?" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. "தண்ணிப் பக்கம் பொம்பள ஒருத்தி தனியா குந்திகினு இருந்தா வயிறு கலங்குது சாமி" என்றபோதுதான் அவர் எதற்குப் பயந்தார் என்பது புரிந்தது.

இல்லை ஆயா, சந்தோஷமாகத்தான் இருக்கிறேன், இன்று கடை லீவு, அதனால் வந்தேன் என்று சொன்னேன். புள்ள இருக்குதா என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். அப்புறம்தான் முகம் கொஞ்சம் இளகியது. "சரி, உக்காரு. வெயிலு ஏறதுக்குள்ள போயிடு" என்று சொல்லிவிட்டு எழுந்தார். ஆனால் முழுசாக நம்பவில்லை. ஆடுகளை வேறு பக்கம் ஓட்டிப் போகாமல், என் கண்ணுக்கு எதிரிலேயே மேய விட்டுக்கொண்டு, நான் வண்டியை எடுக்கும் வரை அங்கேயே நின்றார்.

இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். ஒரு பெண் தண்ணீரோரம் தனியாக உட்கார்ந்தால் அதற்குத் துக்கம்தான் காரணமாக இருக்கும் என்று அந்த ஆயாவுக்குத் தோன்றியது அவருடைய குற்றமில்லை. அவர் வாழ்நாளில் அப்படி உட்கார்ந்த பெண்களுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணமாக இருந்திருக்கும். சந்தோஷமாகத் தனியாக உட்கார்ந்திருந்த ஒருத்தியை அவர் பார்த்ததே இல்லை. அதனால் இன்னும் அதிகமாக உட்கார வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏரிக்கரையில், ஆற்றங்கரையில், தேவனாம்பட்டினம் கடற்கரையில் நாங்கள் அடிக்கடி கண்ணில் பட்டால், அடுத்த தலைமுறை ஆயாக்கள் இவ்வளவு பயப்பட வேண்டியிருக்காது.

ஆகஸ்ட் 15 அன்று பாகூரில் இருக்கும்போது இன்னொன்றும் நினைவுக்கு வரும். 1947இல் இதே நாளில் பெண்ணையாற்றுக்குத் தெற்கே கடலூர் சுதந்திரம் பெற்றது. ஆற்றைத் தாண்டி இருக்கும் பாகூர் பெறவில்லை. இது பிரெஞ்சு ஆட்சிப் பகுதி. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. சட்டப்படி முழுசாக முடிந்தது 1962 ஆகஸ்ட் 16இல். அதனால் புதுச்சேரிக்கு ஆகஸ்ட் 15க்கு மறுநாளும் விடுமுறை, நவம்பர் 1ம் விடுமுறை. கடலூரில் எங்களுக்கு அன்றைக்கெல்லாம் வேலை நாள். ஏழு வருடம் ஆற்றின் ஒரு கரையில் ஒரு கொடியும் இன்னொரு கரையில் இன்னொரு கொடியும் பறந்திருக்கிறது, தண்ணீர் மட்டும் தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் ஒரே ஆற்றில் எடுத்திருக்கிறார்கள். இப்போதும் ஏரிக்கு வருகிற வாய்க்கால் தமிழ்நாட்டில் தொடங்கித்தான் புதுச்சேரிக்குள் வருகிறது.

அக்டோபர் 2 பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நல்ல வெயில். ஏரியின் பெரும்பகுதி வெடித்த மண். மாடுகள் நடுவில் மேயும். உள்ளே இறங்கி நடந்தால் ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் கத்திக்கொண்டே பின்னால் வரும், ஏரி முழுக்க என் வரவைச் சொல்லிவிடும். கரைப் பனைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். மேற்கே மேகம் திரள்வதைப் பார்க்கும்போது இந்த ஏரியோடு சேர்ந்து நானும் மழைக்குக் காத்திருப்பது மாதிரி இருக்கும். 2025இல் இந்த நாளும் விஜயதசமியும் ஒன்றாக வந்துவிட்டன, கடையில் புதுக்கணக்கு பூஜை, வீட்டில் மகளின் பாட்டு டீச்சருக்குத் தட்சணை. போக முடியவில்லை. அந்த வருடம் எனக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் முடிந்தது.

சுயநலம் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையைக் கூட்டிப் போய்க் காட்டக் கூடாதா, இயற்கையைப் பார்த்து வளரட்டுமே என்பார்கள். கூட்டிப் போகிறேன். பிச்சாவரத்தில் படகில் போயிருக்கிறோம், ஊசுட்டேரிக்கும் போயிருக்கிறோம். அது அவளுக்கான நாள். அவளுக்குப் பசிக்கிறதா, வெயில் படுகிறதா, தண்ணீர் பாட்டில் எங்கே என்று பார்த்துக்கொண்டே இருப்பேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் அப்போது நான் பார்ப்பது அவளைத்தான், ஏரியை இல்லை. சமீபத்தில் அவளே, "எனக்கும் சைக்கிள்ல எங்கயாவது தனியா போகணும்மா" என்றாள். கேப்பர் மலைப் பக்கமா, தேவனாம்பட்டினமா என்று இப்போது வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. என் அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். பகலில், போனில் இருக்கும் இடம் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, முதலில் கடற்கரை வரை என்று முடிவாகியிருக்கிறது.

பாகூர் ஏரிக்குத் தனியாகப் போக நினைக்கிற பெண்களுக்குச் சில விஷயங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள், அது அனுமதி கேட்பது ஆகாது. ஏரிக்கரையில் கழிப்பறை கிடையாது, பாகூர் கடைத்தெருவிலேயே அந்த ஏற்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் சாப்பாடும் கையில் இருக்கட்டும், தின்ற குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கரையில் உடைந்த பாட்டில் கிடக்கிறது, செருப்பில்லாமல் நடக்காதீர்கள். ஜனவரியில் மதகுப் பக்கம் இறங்க வேண்டாம், சேறு முழங்காலுக்கு மேல் இழுக்கும். அடர் நிறச் சேலையோ சுடிதாரோ நல்லது, வெள்ளையும் சிவப்பும் பறவைகளை விரட்டும். பைனாக்குலர் இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் நத்தைகுத்தி நாரை கரைக்குக் கிட்டேயே மேயும். யாராவது ஆயா வந்து சண்டையா என்று கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். 2026இல் ஆகஸ்ட் 15 சனிக்கிழமையில் வருகிறது, மறுநாள் ஞாயிறு. துணியையும் மாவையும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிடலாம்.